டிக்கன்ஸை வாசித்துக் காட்ட யோசனை வேண்டும்
நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கில இலக்கியம் படித்திராத பெரியவர்களுக்கு, சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை வாரம் ஒரு பகுதியாக வாசித்துக் காட்ட விரும்புகிறேன். 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை அது வார இதழில் தொடர்கதையாகவே வந்ததால், அந்த 36 பகுதிகளையே பின்பற்றலாம் என்பது என் எண்ணம். கல்லறைகளுக்கிடையிலிருந்து கால்விலங்கோடு எழுந்து வரும் கைதி, சிறுவன் பிப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, அரமும் சாப்பாடும் கேட்டு மிரட்டும் முதல் காட்சிக்கு எந்த முன்னுரையும் தேவையில்லை. சிக்கல் பிறகுதான் வருகிறது. பிப் 'ஜென்டில்மேன்' ஆக ஏங்குகிறான்; அந்தச் சொல்லில் பணம், பிறப்பு, நடத்தை மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. அது விளங்காவிட்டால், தன்னை வளர்த்த கொல்லர் ஜோவைக் கண்டு பிப் கூசுவது மனத்தில் தைக்காது. வாசிப்பை நிறுத்தாமல் இதை எப்படி உணர்த்துவது? நீண்ட வாக்கியங்களைச் சுருக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து எழுதுங்கள்.