கஞ்சா அடித்து ஒருத்தனும் செத்ததில்லையாம்!

வருசநாட்டான்:
டாஸ்மாக் பற்றிய இழையில் மூலிகைப்பித்தன் என்கிற அறிவாளி போகிற போக்கில் இப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "சாராயத்தை மூடிவிட்டுக் கஞ்சாவைத் திறந்துவிடுங்கள், தமிழ்நாடு உருப்படும். கஞ்சா அடித்துச் செத்தவன் உலகத்திலேயே ஒருத்தன் கிடையாது." அதற்கு முப்பது பேர் கைதட்டல் வேறு. எனக்கு வயிறு எரிகிறது. நான் தேனி மாவட்டத்துக்காரன். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஊர்ப் பெயரைச் சொன்னதும் அறையில் இருந்தவன் கேட்டது "பொட்டலம் கிடைக்குமா?" என்றுதான். எங்கள் பக்கம் திராட்சையும் இலவம்பஞ்சும் விளைவது எவனுக்கும் தெரியாது. என் சித்தப்பா மகன் பதினேழு வயதில் புகைக்க ஆரம்பித்தான். இப்போது முப்பத்தொன்று. வாசலில் உட்கார்ந்து மின்கம்பத்தோடு வாயாடிக்கொண்டிருக்கிறான். அவன் சாகவில்லைதான். போதுமா?

மூலிகைப்பித்தன்:
போதும் நண்பரே. முதல் பதிவிலேயே "சாகவில்லை" என்று எழுதிவிட்டீர்கள், நான் சொன்னதும் அவ்வளவுதான். உங்கள் தம்பிக்காக வருந்துகிறேன், ஆனால் கேள்வி அதுவல்ல. இங்கிலாந்தில் டேவிட் நட் என்ற பேராசிரியர் 2010இல் லான்செட் இதழில் இருபது போதைப்பொருள்களை வரிசைப்படுத்தினார். மொத்தத் தீங்கில் மதுவுக்கு 72 மதிப்பெண், ஹெராயினுக்கே 55தான். கஞ்சாவுக்கு 20. புகையிலைகூட 26. இப்படியெல்லாம் பேசியதற்காக அதற்கு முந்தைய வருடமே அரசின் ஆலோசனைக் குழுத் தலைவர் பதவியிலிருந்து அவரைத் தூக்கினார்கள். உண்மை சொன்னால் அதுதான் கதி. 72, 20. கணக்கு தெரிந்தவர்கள் பேசுங்கள்.

கட்டிங் பாண்டி:
அண்ணே, உங்கள் சண்டையில் எங்களை ஏன் இழுக்கிறீர்கள்? நான் பாட்டுக்குச் சனிக்கிழமை ஒரு குவார்ட்டர் வாங்கிக் குடித்துவிட்டுத் தூங்குகிறவன். எனக்கு 72 மதிப்பெண்ணா? பத்தாம் வகுப்பில்கூட அவ்வளவு வாங்கியதில்லை.

கருப்புக்கோட்டு:
முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொள்ளலாமா? 1985 போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதி. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் வராது. அந்த இலையை அரைத்துச் செய்யும் பாங்குக்கு ராஜஸ்தானில் அரசு உரிமத்தோடு கடை நடப்பது அதனால்தான். அப்புறம், வைத்திருப்பவனைச் சிறையில் போடாமல் இருப்பது வேறு, கடை திறந்து விற்பது வேறு. நீங்கள் கேட்பது எது?

மூலிகைப்பித்தன்:
வக்கீல் சார், இங்கே நீளமாக எழுதினால் ஃபீஸ் கிடையாது. இலையோ பூவோ, செத்தவன் பெயர் ஒன்று சொல்லுங்கள்.

வருசநாட்டான்:
அந்த 72 எப்படி வந்தது என்று படித்தீர்களா? குடிக்கிறவனுக்கு வரும் கேடு மட்டும் அதில் இல்லை. பெண்டாட்டி வாங்கும் அடி, விபத்து, மருத்துவச் செலவு, குற்றம் எல்லாம் சேர்த்த மதிப்பெண். தெருவுக்குத் தெரு விற்கிற சரக்குக்கு அது கூடத்தான் செய்யும். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்து 2019இல் வெளியிட்ட கணக்கில் குடிக்கிறவர்கள் 16 கோடி, கஞ்சாவும் பாங்கும் சேர்த்து 3 கோடி சொச்சம். கஞ்சாவுக்கும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கி வரிசை கட்டவிட்டுப் பாருங்கள். 20 அப்படியே இருக்குமா?

மூலிகைப்பித்தன்:
நல்ல எண் கொடுத்தீர்கள். 3 கோடிப் பேர். அதில் அளவு மீறி இழுத்துச் செத்தவர் ஒரே ஒருவர்? மது விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019க்குச் சொல்லும் கணக்கு 26 லட்சம் சாவு. நான் ஒன்றுதான் கேட்கிறேன்.

நைட் டூட்டி:
நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். இரண்டையும் பார்க்கிறேன், அதனால் எழுதுகிறேன். கால் முறிந்து ஒருவர் சேருவார். குடிப்பதை வீட்டார் மறைத்திருப்பார்கள். இரண்டு நாள் அமைதியாக இருப்பார். மூன்றாம் நாள் ராத்திரி கை நடுங்க ஆரம்பிக்கும், போர்வையில் இல்லாத எறும்பைப் பொறுக்குவார், கட்டுப்போட்ட காலோடு எழுந்து ஓடப் பார்ப்பார். குடியைச் சட்டென்று நிறுத்தியதால் வருவது அது, கவனிக்காவிட்டால் உயிரே போகும். கஞ்சா கேஸ் வேறு மாதிரி. போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் மூன்று நாளாக விடாமல் வாந்தி. எந்த மருந்துக்கும் நிற்கவில்லை. வெந்நீர் ஊற்றிக்கொண்டால் மட்டும் நிற்கிறது என்று வார்டு குளியலறையை விட்டு வெளியே வர மறுத்தான். அவன் அம்மா வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு போனார். வருடக்கணக்காகத் தினமும் புகைக்கிறவர்களில் சிலருக்கு இப்படி வரும். அவன் நெட்டில் படித்தது "இது மூலிகை, ஒன்றும் செய்யாது" என்று.

மூலிகைப்பித்தன்:
அக்கா, உங்கள் சேவைக்கு வணக்கம். பையன் செத்தானா?

நைட் டூட்டி:
இல்லை. டிஸ்சார்ஜ் ஆகிவிட்டான்.

மூலிகைப்பித்தன்:
நன்றி.

கட்டிங் பாண்டி:
கஞ்சா அடித்துவிட்டு பைக்கை மரத்தில் விட்டுச் செத்தால்?

மூலிகைப்பித்தன்:
அது மரத்தின் தவறு.

சேலத்துப் பெரியவர்:
தம்பிகளா, இந்தியாவில் மதுவிலக்கு முதலில் வந்தது எங்கள் சேலம் ஜில்லாவில், 1937 அக்டோபர் 1, ராஜாஜி காலத்தில். அந்தப் பெருமை உள்ள ஊரிலிருந்து சொல்கிறேன், இரண்டும் வேண்டாம். 1971இல் கடையைத் திறந்தார்கள், ஒரு தலைமுறையே பாழானது.

கட்டிங் பாண்டி:
ஐயா, 1971இல் திறந்தவர்களே 1974இல் மூடிவிட்டார்கள். 1981இல் மறுபடி திறந்தது யார் என்று ஏன் சொல்லவில்லை? 2003இல் சில்லறைக் கடையையே அரசாங்கத்தின் கைக்குக் கொண்டுவந்தது யார்? பாதி வரலாறு சொல்கிறீர்கள்.

சேலத்துப் பெரியவர்:
நான் எந்தக் கட்சியும் இல்லை. முதலில் யார் திறந்தார்கள் என்றுதான் சொன்னேன். முதல் குற்றம்தான் குற்றம்.

கட்டிங் பாண்டி:
கட்சி இல்லாதவர் 1981ஐ மட்டும் ஏன் தாண்டிக் குதிக்கிறீர்கள்?

வருசநாட்டான்:
கட்சிச் சண்டைக்குத் தனி இழை திறங்கள். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அந்த வேதனையைப் பயன்படுத்தித்தான் இந்தக் கூட்டம் கஞ்சாவை விற்கப் பார்க்கிறது.

மூலிகைப்பித்தன்:
அது மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம். செடியில் மெத்தனால் கலக்க முடியாது. எனக்குப் பாயிண்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருங்கள். இன்னொன்றும் கேளுங்கள். 1893இல் வெள்ளைக்கார அரசே ஒரு விசாரணைக் குழு போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள். அளவோடு எடுத்தால் பெரிய தீங்கில்லை, தடை தேவையில்லை என்றுதான் முடிவு சொன்னார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைக்கூடப் புரட்டினார்கள். காரணம் தெரியாத நோயாளிக்கெல்லாம் "கஞ்சா" என்று எழுதிவைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. உங்கள் தம்பிக்கும் யார் எழுதினார்களோ.

வருசநாட்டான்:
என் தம்பியைப் பற்றிப் பேசாதீர்கள். கீழடி இழையில் "வெள்ளைக்காரன் எழுதியதெல்லாம் குப்பை" என்று நாலு நாள் கத்தியவர் நீங்கள். இன்றைக்கு வெள்ளைக்காரன் அறிக்கை வேதமாகிவிட்டதா?

மூலிகைப்பித்தன்:
கீழடியில் தோற்றதை இங்கே வந்து தீர்க்க வேண்டாம்.

வருசநாட்டான்:
தோற்றது யார்? கேள்விக்குப் பதில் சொல்லாமல் இழையை விட்டு ஓடியது நீங்கள்.

மூலிகைப்பித்தன்:
மகள் கல்யாண வேலை இருந்தது. ஓடவில்லை.

வருசநாட்டான்:
சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். தாய்லாந்து 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தது. தெருவெல்லாம் கடை முளைத்தது. மூன்றே வருடம், 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். நல்ல பொருள் என்றால் ஏன் பின்வாங்கினார்கள்?

மூலிகைப்பித்தன்:
அரசியல். கனடா 2018இல் திறந்தது, இன்னும் மூடவில்லை. ஜெர்மனி 2024 ஏப்ரலில் 25 கிராம் வரை கையில் வைத்துக்கொள்ள விட்டது. அதை மட்டும் ஏன் மறைக்கிறீர்கள்? தாய்லாந்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று மூடினார்கள்? பெயர்?

கருப்புக்கோட்டு:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஜெர்மனியில் கனடா மாதிரிக் கடை கிடையாது. வீட்டில் மூன்று செடி, அல்லது உறுப்பினர் சங்கம், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். நம் சட்டத்தில் ஒரு கிலோ வரை சிறிய அளவு, ஒரு வருடம் வரை சிறை. இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்து வருடம், ஜாமீன் குதிரைக்கொம்பு. என் கட்சிக்காரர் ஒருவர் கூலிக்கு மூட்டை தூக்கிய பையன். பஸ்ஸில் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனான். எடை இருபத்தொரு கிலோ சொச்சம். பையைக் கொடுத்தனுப்பியவனை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. இதைப் பேசலாமே.

சேலத்துப் பெரியவர்:
வக்கீலே, கஞ்சா கடத்துகிறவனுக்கு வக்காலத்து வாங்கிவிட்டு இங்கே வந்து நியாயம் பேசுகிறீரா?

கருப்புக்கோட்டு:
வக்காலத்து வாங்குவதுதான் ஐயா என் தொழில்.

கட்டிங் பாண்டி:
பெரியவரே, 1981?

மூலிகைப்பித்தன்:
எல்லோரும் ஊர் சுற்றிவிட்டு வாருங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன். ஒரு பெயர். இறப்புச் சான்றிதழில் கஞ்சா என்று எழுதிய ஒரே ஒரு பெயர்.

வருசநாட்டான்:
மின்கம்பத்தோடு பேசுகிறவனுக்கு எந்த ஆபீசில் சான்றிதழ் தருகிறார்கள் என்று சொல்லுங்கள், வாங்கி வந்து ஒட்டுகிறேன்.

மூலிகைப்பித்தன்:
பெயர் வரவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

நைட் டூட்டி:
டூட்டிக்கு நேரமாகிவிட்டது. நாலாம் நம்பர் கட்டிலில் இருப்பவருக்கு இன்று மூன்றாம் நாள். கையைக் கட்டிப்போட வேண்டாம், நானே பக்கத்தில் இருக்கிறேன் என்று அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

மூலிகைப்பித்தன்:
குடிகாரர்தானே? அதைத்தான் அக்கா முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன். 72.