என்விஆரில் 8 கேமரா ஓடுகிறது, கணினியில் ஒன்றுகூடத் தெரியவில்லை: உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் புதிதாகக் குடிவந்த வீட்டில் முன்பிருந்தவர்கள் பொருத்திய கேமராக்கள் அப்படியே இருக்கின்றன. ரவுட்டரும் அவர்கள் வைத்ததுதான். என்விஆர் (கேமராப் படங்களைப் பதிவுசெய்யும் பெட்டி) திரையில் 8 படம் ஓடுகிறது. கடவுச்சொற்கள் எழுதிய ஒரு தாள் கொடுத்தார்கள். எந்தக் கேமராவுக்கு எந்த முகவரி என்ற பட்டியல் இல்லை.

கணினியில் ஆன்விஃப் டிவைஸ் மேனேஜரைப் போட்டுத் தேடினால் காலியாகவே வருகிறது (ஆன்விஃப் என்பது வெவ்வேறு கம்பெனிக் கேமராக்களும் மென்பொருள்களும் பேசிக்கொள்ளும் பொது நெறிமுறை). கணினி ஒயரில்தான் இணைந்திருக்கிறது, ரவுட்டர் முகவரி 192.168.1.1. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்தக் கேமரா யாரோடு பேசுகிறது என்று தெரியாமல் அவற்றை ஓடவிட எனக்கு மனமில்லை. எல்லாவற்றையும் பட்டியலிட்டு, கடவுச்சொல் மாற்றி, கணினியிலிருந்தே பார்க்க வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில் 1

வணக்கம் நண்பரே. முதல் வேலையாக எதையும் ரீசெட் செய்துவிடாதீர்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பிலிருந்துதான் தகவல் எடுக்க வேண்டும்.

கேமரா ஒயர்கள் எங்கே போய் முடிகின்றன? என்விஆரின் பின்பக்கம் வரிசையாக பிஓஇ போர்ட்டுகள் (நெட்வொர்க் ஒயரிலேயே மின்சாரமும் தரும் துளைகள்) இருந்து, அவற்றில் நேராகச் செருகியிருந்தால், அந்தக் கேமராக்கள் உங்கள் வீட்டு நெட்வொர்க்கிலேயே இல்லை. என்விஆர் தனக்குப் பின்னால் ஒரு தனி நெட்வொர்க் வைத்துக்கொண்டு அவற்றுக்கு முகவரி கொடுக்கும். ஹிக்விஷனில் அது பெரும்பாலும் 192.168.254 என்று தொடங்கும், டாஹுவாவில் 10.1.1. உங்கள் கணினி எவ்வளவு தேடினாலும் அந்தப் பக்கம் எட்டாது. என்விஆர் மெனுவில் கேமரா பட்டியலைத் திறந்து, ஐபி முகவரிகளை எழுதிக்கொண்டு வாருங்கள்.

கேட்டவர்

நீங்கள் சொன்னது சரி. 5 கேமராக்கள் 192.168.254 என்று தொடங்குகின்றன, அவை என்விஆரிலேயே செருகியிருக்கின்றன. மற்ற 3 மாடியில் உள்ள ஒரு சுவிட்ச் வழியாக வருகின்றன: 192.168.1.64, 121, 122. ஆனால் இந்த மூன்றும்கூடக் கணினியில் தெரியவில்லையே?

பதில் 2

ஆன்விஃப் தேடல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். மென்பொருள் ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்ப்பதில்லை. 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு (ஒரே செய்தி பலருக்கும் போகும் முகவரி), யுடிபி 3702 போர்ட்டில் (இங்கே போர்ட் என்பது துளையல்ல, மென்பொருள்கள் பேசும் வாசலின் எண்), "கேமரா யாராவது இருக்கிறீர்களா" என்று ஒரே ஒரு அழைப்பு விடுகிறது. கேட்ட கேமரா தன் முகவரியைத் திருப்பிச் சொல்கிறது. சாதாரணமாக இந்த அழைப்பு ரவுட்டரைத் தாண்டாது, ஒரு விலேனிலிருந்து (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரித்த பகுதி) இன்னொன்றுக்கும் போகாது. விருந்தினர் ஒய்ஃபையில் இருந்தால், அங்கே சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி அடைத்துவைத்திருப்பார்கள்.

நீங்கள் ஒயரில் இருப்பதால் என் சந்தேகம் கணினி மேல்தான். விபிஎன் மென்பொருளோ (இன்னொரு நெட்வொர்க்குக்கு மறைகுறியாக்கிய தனிவழி போடுவது) விர்ச்சுவல் மெஷினோ (கணினிக்குள் ஓடும் போலிக் கணினி) இருந்தால், அழைப்பு அந்தப் போலி நெட்வொர்க் கார்டு வழியாகப் போய்விடும். அதை அணைத்துவிட்டுத் தேடுங்கள். அப்படியும் வராவிட்டால், விண்டோஸில் இந்த இணைப்பு 'பொது' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். அந்த நிலையில் ஃபயர்வால் பதில்களைத் தடுத்துவிடக்கூடும். 'தனிப்பட்ட' என்று மாற்றுங்கள்.

கேட்டவர்

அலுவலக வேலைக்காகப் போட்ட விபிஎன் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்ததும் 121, 122 இரண்டும் வந்துவிட்டன! 64 இன்னும் வரவில்லை. இன்னொரு சிக்கல்: பிரவுசரில் 121க்கு உள்ளே போக முடிகிறது, அதே பெயரையும் கடவுச்சொல்லையும் கணினியில் படம் பதிவுசெய்யும் மென்பொருளில் கொடுத்தால் தவறு என்கிறது.

பதில் 1

இரண்டும் தனித்தனிக் காரணம்.

64: ஹிக்விஷன் கேமரா ஆலையிலிருந்து வரும்போது இருக்கும் முகவரி 192.168.1.64. டாஹுவா என்றால் 108. பொருத்தியவர் அதை மாற்றாமல் விட்டிருக்கிறார். என்விஆர் தன் கம்பெனிக்கே உரிய நெறிமுறையில், 8000 போர்ட்டில் பேசுவதால் அதற்குப் படம் வருகிறது. இந்த வகைக் கேமராக்களின் புதிய ஃபர்ம்வேரில் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) ஆன்விஃப் ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும். பிரவுசரில் 64ஐத் திறந்து, நெட்வொர்க் அமைப்பில் ஆன்விஃபை இயக்கி, அங்கேயே அதற்கென்று ஒரு பயனரையும் உருவாக்குங்கள். கேமராவின் அட்மின் பயனர் வேறு, ஆன்விஃப் பயனர் வேறு; பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

121: கேமராவின் கடிகாரத்தைப் பாருங்கள். ஆன்விஃபில் கடவுச்சொல்லோடு நேரத்தையும் சேர்த்துக் குழைத்து அனுப்புவார்கள், பழைய செய்தியைத் திருடி மறுபடி பயன்படுத்த முடியாதபடி. கேமராவின் நேரமும் கணினியின் நேரமும் விலகியிருந்தால், சரியான கடவுச்சொல்லையும் கேமரா தள்ளிவிடும். சில மென்பொருள்கள் கேமராவின் நேரத்தைக் கேட்டு ஈடுகட்டிக்கொள்ளும், சில செய்யாது. பிரவுசர் வழி நேரத்தைப் பார்ப்பதில்லை, அதனால் அங்கே உள்ளே விடுகிறது.

கேட்டவர்

அண்ணா, கடிகாரமேதான்! என்விஆரின் நேரமே சில மணி நேரம் பின்தங்கி இருக்கிறது, 121ம் 122ம் அதைப் பார்த்து ஓடுகின்றன. நேரத்தைச் சரிசெய்ததும் இரண்டும் சேர்ந்துவிட்டன. 64ம் வந்துவிட்டது. என்விஆருக்குப் பின்னால் உள்ள ஐந்தை என்ன செய்வது?

பதில் 1

அவற்றை அங்கேயே விடுங்கள் என்பேன். வீட்டு நெட்வொர்க்கிலிருந்து தானாகவே பிரிந்திருப்பது நல்லதுதான். என்விஆரிலிருந்தே ஆர்டிஎஸ்பி (நேரலைப் படம் அனுப்பும் நெறிமுறை) ஓடையாக, 554 போர்ட்டில், படத்தை எடுக்கலாம். ஹிக்விஷனில் முதல் கேமராவின் முதன்மை ஓடை (முழுத் தரப் படம்) 101, துணை ஓடை (குறைந்த தரப் படம்) 102. இரண்டாவதுக்கு 201, 202. கட்டம் கட்டமாக எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கத் துணை ஓடை போதும். முதன்மை ஓடையை எட்டுக்கும் திறந்தால் கணினி திணறும்.

பதில் 3

இதுவரை நீங்கள் பார்த்தது என்விஆருக்குத் தெரிந்த கேமராக்களையும், அழைத்தால் பதில் சொல்லும் கேமராக்களையும் மட்டும். பதில் சொல்லாமல் இருப்பவற்றையும் தேடுங்கள். என்மேப்பில் (நெட்வொர்க்கில் எந்த முகவரியில் எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று பார்க்கும் மென்பொருள்) 192.168.1.1 முதல் 254 வரை 80, 554, 8000, 37777 போர்ட்டுகளை ஸ்கேன் செய்யுங்கள். உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் மட்டும். அலுவலக விபிஎன் மறுபடி ஓடினால் முதலில் அணையுங்கள். ரவுட்டரின் டிஎச்சிபி பட்டியலை (ரவுட்டர் தானாகக் கொடுத்த முகவரிகளின் பட்டியல்) மட்டும் நம்ப வேண்டாம். 64 மாதிரி நிலையான முகவரி வைத்தவை அதில் வராமல் போகலாம்.

அதே கையோடு ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளி இணையத்திலிருந்து வருவதை வீட்டுச் சாதனத்துக்குத் திருப்பிவிடும் விதி) பக்கத்தையும் பாருங்கள்.

கேட்டவர்

554 திறந்திருப்பவை ஐந்து முகவரிகள். மூன்று கேமரா, ஒன்று என்விஆர். ஐந்தாவது 192.168.1.137. இது என்விஆர் பட்டியலில் இல்லை. தாளில் உள்ள எந்தக் கடவுச்சொல்லும் அதற்குப் பொருந்தவில்லை. போர்ட் ஃபார்வர்டிங்கில் 554ம் 8000மும் வெளி உலகத்துக்குத் திறந்தே இருக்கின்றன. இப்போது உண்மையாகவே பயமாக இருக்கிறது.

பதில் 3

இரண்டு ஃபார்வர்டிங் விதிகளையும் இப்போதே நீக்குங்கள், யுபிஎன்பியையும் (சாதனங்களே ரவுட்டரில் போர்ட் திறந்துகொள்ள விடும் வசதி) அணையுங்கள். இல்லாவிட்டால் சாதனங்கள் தாமாகவே மறுபடி திறந்துகொள்ளும். 2016ல் மிராய் என்ற தீநிரல் இணையத்துக்குத் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் ஆலைக் கடவுச்சொற்களை வைத்தே பிடித்தது. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் வீட்டிலேயே ஒரு வயர்கார்டு விபிஎன் வைத்து அதன் வழியாக வாருங்கள்.

137ஐக் கண்டுபிடிக்க: கணினியில் அதற்குத் தொடர்ந்து பிங் ('இருக்கிறாயா' என்று கேட்டுப் பதில் பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு, மாடி சுவிட்சில் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்குங்கள். எந்த ஒயரில் பிங் நிற்கிறதோ, அதைத் தொடர்ந்து போனால் கேமரா இருக்கும். சுவிட்சில் எதுவும் பொருந்தாவிட்டால் அது ஒய்ஃபையில் இருக்கிறது; அப்போது ஒய்ஃபை கடவுச்சொல்லை மாற்றினாலே விழுந்துவிடும். முன்பிருந்தவர்களுக்குத் தெரிந்த கடவுச்சொல் என்பதால், எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

கேட்டவர்

சுவிட்சின் நான்காவது ஒயர். மாடிப்படிக்கு மேலே, பரணின் மூலையில், வெளியே விளக்கு எதுவும் எரியாத சின்னக் கேமரா. கூடத்தைப் பார்த்தபடி இருக்கிறது. ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

பதில் 1

பிடுங்கியே வைத்திருங்கள். முன்பிருந்தவர்களுக்கு ஃபோன் செய்து, அவர்கள் செயலியின் கணக்கிலிருந்து இந்தக் கேமராவை மட்டுமல்ல, என்விஆரையும் நீக்கச் சொல்லுங்கள். போர்ட்டை மூடினாலும் கம்பெனியின் கிளவுட் வழியாக என்விஆர் அவர்கள் கைபேசியில் இன்னும் தெரியலாம். சில கம்பெனிகளில் ரீசெட் செய்தாலும் கணக்குப் பிணைப்பு அறுந்துபோகாது, உரியவர்தான் நீக்க வேண்டும். உங்களுக்குத் தேவையில்லை என்றால் என்விஆரில் கிளவுட் இணைப்பையே அணைத்துவிடுங்கள்.

அப்புறம் கடவுச்சொல் மாற்றும்போது ஒன்று: கேமராவில் மாற்றிய கையோடு என்விஆரிலும் மாற்றுங்கள். தாமதித்தால் என்விஆர் பழைய கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அனுப்பி, கேமரா தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். முகவரிகளை ரவுட்டரின் டிஎச்சிபியில் மேக் முகவரி (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள தனி அடையாள எண்) வைத்து ஒதுக்கிவிடுங்கள். 64ஐயும் அந்த ஒழுங்குக்குள் கொண்டுவாருங்கள்.

கேட்டவர்

முன்பிருந்தவர்களிடம் பேசிவிட்டேன். அந்தக் கேமரா இருந்ததே நினைவில்லை என்று வருத்தப்பட்டார்கள், இரண்டையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். என்விஆரின் கிளவுடை அணைத்தாயிற்று. மூன்று கேமராக்களுக்கும் புதுக் கடவுச்சொல் போட்டு 121, 122, 123 என்று ஒதுக்கிவிட்டேன். பரண் கேமராவைக் கழற்றி எடுத்துவிட்டோம். பொறுமையாகச் சொல்லித்தந்த மூவருக்கும் மிக்க நன்றி.