உப்பளத்தில் மைக் வைத்த கதை – உங்களுக்கும் உண்டா?

முத்தியால்பேட்டை மாடி:

நான்கு வருடமாக ட்ரோன் இசை (பறக்கிற ட்ரோன் இல்லை, நீளும் சுருதி) செய்கிறேன். ஒரே சுருதி, நாற்பது நிமிடம். தாளமும் கிடையாது, பாட்டும் கிடையாது. ஆரம்பத்தில் வீட்டில் "மிக்ஸி ஓடுதா?" என்று கேட்டார்கள். இப்போது கேட்பதில்லை, கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

முதல் இரண்டு வருடம் நான் செய்ததெல்லாம் போலி. பனிப் பாலைவனப் படங்களைத் திரையில் வைத்துக்கொண்டு, புதுச்சேரி மே மாத வெயிலில், மின்விசிறிக்குக் கீழே சிந்தசைசரை அழுத்திக்கொண்டிருப்பேன். பனியை நான் ஃப்ரீசரில்தான் பார்த்திருக்கிறேன். கேட்பவருக்கு அது தெரிந்துவிடும்.

ஒரு பிப்ரவரி விடியலில் ஈ.சி.ஆர். வழியாக மரக்காணம் போனேன். உப்பளத்துப் பாத்திகள் கண்ணுக்கு எட்டிய வரை கிடந்தன. வரப்பில் கீற்று போர்த்திய உப்புக் குவியல்கள், நிழல் என்று சொல்ல ஒரு மரம் கிடையாது. ரெக்கார்டரை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். அமைதி கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டால் ஒரு மணி நேரமும் காற்று மைக்கை அறைகிற 'படபட'தான். மைக்குக்கு ரோம உறை வாங்காமல் போன புத்திசாலித்தனம். அதற்கு நடுவே எங்கோ ஒரு டீசல் என்ஜின், நாரைச் சத்தம், பேருந்து ஹாரன். வெட்டவெளி என்பது கண்ணுக்குத்தான். காதுக்கு அங்கே நல்ல கூட்டம்.

அடுத்த முறை மைக்கை விட்டுவிட்டு, ஒட்டிய பொருளின் அதிர்வை மின்சாரமாக மாற்றித் தரும் பீசோ வில்லை ஒன்றை எடுத்துப் போனேன். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். வேலிக் கம்பியில் டேப் போட்டு ஒட்டினேன். அப்போதுதான் கேட்டது. காற்று கம்பியைக் கடக்கும்போது அதன் பின்னால் சின்னச் சின்னச் சுழல்கள் மாறி மாறிப் பிரிகின்றன, கம்பி அதற்கு ஆடுகிறது. காற்று வேகம் கூடினால் சுருதி ஏறும், தணிந்தால் இறங்கும். ஒரு இடத்தில் நிற்காது.

அதிலிருந்து ஆறு விநாடி வெட்டி, ஒலியை நீட்டுகிற பால்ஸ்ட்ரெச் மென்பொருளில் ஐம்பது மடங்கு இழுத்தேன். ஐந்து நிமிடப் போர்வை கிடைத்தது. அதன் மேல் திரும்பத் திரும்ப ஓடும் மூன்று துண்டுகள் (லூப்): 17 விநாடி, 23 விநாடி, 29 விநாடி. மூன்றும் பகா எண்கள், அதனால் மூன்றும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 11,339 விநாடி, அதாவது மூன்று மணி ஒன்பது நிமிடம் ஆகும். அதுவரை ஒரே கலவை திரும்ப வராது. அடியில் 110 ஹெர்ட்ஸ், 110.5 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஸ்வரம். அந்த அரை ஹெர்ட்ஸ் வித்தியாசத்தால் இரண்டு விநாடிக்கு ஒரு அலை வரும். தம்புராவின் நடுத் தந்திகளான சாரணியும் அனுசாரணியும் இம்மி பிசகினால் வருமே, அதே அலைதான். நாற்பது நிமிடம் முடித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த மாதம் திருப்பாதிரிப்புலியூரில் அம்மா பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுத் தாத்தா வாலிபத்தில் கோயில்களில் ஒத்து ஊதியவர். ஒத்து தெரியாதவர்களுக்கு: நாயனம் மாதிரியே இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. அடியில் சில துளை மட்டும், அதையும் மெழுகு வைத்து அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். நாயனக்காரர் ஆலாபனை முடிக்கும் வரை ஒரே சுருதியை அறுபடாமல் ஊத வேண்டும். இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் மின்சாரச் சுருதிப்பெட்டி.

தாத்தா ஹெட்போனை மாட்டிக்கொண்டு திண்ணையில் கண்ணை மூடினார். பத்து நிமிடம் இருக்கும். கழற்றினார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. இவன் எங்க மூச்சு எடுக்கறான்?"

"மெஷின் தாத்தா, மூச்சு எடுக்கத் தேவையில்ல."

"அதான் கேக்கறேன்."

அப்புறம் செய்து காட்டினார். வாயில் வைத்து ஊதுகிற சீவாளிகூட இல்லை, வெறும் உதடுதான். கன்னத்தில் காற்றைத் தேக்கி, கன்னத்தாலேயே வெளியே தள்ளிக்கொண்டு, அதே நேரம் மூக்கால் உள்ளே இழுக்கிறார். சத்தம் அறுபடவில்லை. ஆனால் மூக்கு இழுக்கிற கணத்தில் ஒரு சொட்டு மெலிந்து மறுபடி நிறைகிறது. "அது தெரியக் கூடாதுன்னுதான் அடிச்சிச் சொல்லிக்குடுத்தாங்க," என்றார். "தெரியாமப் போனதேயில்ல."

வீட்டுக்கு வந்து நாற்பது நிமிடத்தையும் திறந்து, ஒவ்வொரு அடுக்கிலும் வால்யூமைக் கையாலேயே ஏற்றி இறக்கிப் பதிந்தேன். மென்பொருளே ஏற்றி இறக்கும்படி ஆட்டோமேஷன் கோடு வரையவில்லை. இரண்டு ராத்திரி ஆனது. கை வலித்த இடங்கள் கேட்கின்றன, அவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.

உங்களுக்கு இப்படி யாராவது ஒருவர் குறுக்கே வந்திருக்கிறாரா? எழுதுங்கள்.

தேவனாம்பட்டினம் ராத்திரி:

எனக்கு வந்தவர் மீனவர். சில்வர் பீச்சில் இரவு பதினோரு மணிக்கு மைக்கைக் கடலை நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். (இப்போது கேட்டால் கடற்கரையில் மைக் வைக்க வேண்டாம் என்பேன். அலை எல்லா அலைவரிசையையும் அடைத்துக்கொள்ளும், இரைச்சல்தான் மிஞ்சும்.) "இன்னா பண்ற?" என்றார். கடலைக் கேட்கிறேன் என்றதும் சிரித்துவிட்டு, மறுநாள் கெடிலம் முகத்துவாரத்தில் படகில் ஏற்றிக்கொண்டார். துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, பிடியைக் காதெலும்பில் வைத்துக் காட்டினார். கீழே என்னமோ 'கிர்ர்' என்கிறது. ஆளில்லாத ஆறு என்று மேலே இருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பீசோ வில்லையும் அவருடைய துடுப்பும் ஒன்றுதான்.

நெய்வேலி பிளாக்:

நான் ட்ரோன் செய்வதில்லை, ட்ரோனில் வளர்ந்தவன். சுரங்கமும் அனல்மின் நிலையமும் இருக்கிற ஊர். ராத்திரி ஊர் அடங்கினால் தூரத்தில் ஒரு 'ம்ம்ம்' மட்டும் இருக்கும். படிக்கப் புதுச்சேரி வந்து முதல் வாரம் தூக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றபோது ஊருக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மர் முனகுவது அதன் இரட்டிப்பான 100-இல். சுருதிப்பெட்டியில் சரிபார்த்தேன், ஐந்து கட்டைக்குச் சற்று மேலே, ஆனால் கீழ் ஸ்தாயியில். அதற்கு ஸா வைத்துப் பாடலாம். பாடியும் பார்த்தேன், ஹாஸ்டலில் திட்டு வாங்கினேன்.

வில்லியனூர் பின்கட்டு:

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில், பழைய கோட்டை ஒன்றின் பூமிக்கடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி 1988-இல் பாலின் ஒலிவெரோஸ் என்ற இசையமைப்பாளர் அக்கார்டியன் வாசித்துப் பதிவு செய்தார். உள்ளே ஒரு சத்தம் போட்டால் அடங்க 45 விநாடி ஆகுமாம். அப்படிப்பட்ட இடத்தில் சுவரே கூட வாசிக்கிற ஆள்தான். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் நம் பக்கம் வெறும் தொட்டிக்குப் பஞ்சமா?

முத்தியால்பேட்டை மாடி:

பின்கட்டு, நேற்று உங்கள் பேச்சைக் கேட்டு எங்கள் வீட்டு சம்ப்பில் இறங்கினேன். காலி செய்து வைத்திருந்தார்கள். கை தட்டினால் இரண்டு விநாடிகூட நிற்கவில்லை, ஆனால் 'ம்ம்' என்று கீழ்ச் சுருதியில் இழுத்தால் ஒரு இடத்தில் மட்டும் சுவர் முழுக்கத் திருப்பிப் பாடுகிறது. அந்த இடத்தைத் தேடிப் பிடித்துப் பதினைந்து நிமிடம் பதிந்தேன். பதினாறாவது நிமிடத்தில் மேலே அம்மாவின் தலை தெரிந்தது. "எறங்கினதுதான் எறங்கின, அந்த மூலையில பாசிய தேச்சிட்டு ஏறு." பிரஷ் சத்தமும் பதிவாகியிருக்கிறது. அதை வெட்டுவதா வைப்பதா என்று இன்னும் யோசிக்கிறேன்.