தடைக்காலத்தில் பழவேற்காடு முதல் கோடியக்கரை வரை: தனியாக புல்லட்டில் போகலாமா?

காசிமேட்டுக் கணக்கர்:

வணக்கம். காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால் எங்களுக்கும் வேலை குறைவு. சேர்ந்தாற்போல விடுப்பு கேட்க முடிவது அப்போது மட்டும்தான். அப்பாவின் பழைய புல்லட் ஓட்டத்தில் இருக்கிறது. வலக்கால் கியர், இரும்பு சிலிண்டர், பிளாட்டினம் (பிளக்குக்குப் பொறி கிடைக்கச் செய்யும் தொடுமுனை) வைத்த வண்டி.

துறைமுகத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஒரு காலத்தில் கப்பல் வந்துபோன ஊர்களை, இப்போது வள்ளமும் ஃபைபர் படகும் மட்டும் நிற்கும் ஊர்களை, வரிசையாகப் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. மாமல்லபுரமும் புதுச்சேரியும் பழகிய இடங்கள். மற்றவற்றில் எங்கே நிற்பது, எங்கே தங்குவது? கத்திரி வெயிலை வண்டி தாங்குமா? வீட்டில் “இந்த வெயிலில் தனியாக எதற்கு?” என்கிறார்கள். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒற்றியூரான்:

தம்பி, தாராளமாகப் போங்கள். ஆனால் மே மாதம் வேண்டாம். படகுக்குத்தான் அது ஓய்வுக்காலம். பள்ளி விடுமுறை என்பதால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் நிரம்பி வழியும், வேளாங்கண்ணியில் அறைக்கு அலைய வேண்டும். பள்ளிகள் திறந்த பிறகு, ஜூன் 14க்கு முன்பு, சில நாட்கள் கிடைக்கும். கத்திரியும் முடிந்திருக்கும். சுற்றுலாக் கூட்டமும் இல்லை, விசைப்படகுகளும் கரையில். அந்த இடைவெளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மீனவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருப்பது அப்போதுதான். கோட்டைச் சுவரைவிட அந்தப் பேச்சில்தான் ஊரின் கதை இருக்கிறது.

தெற்கே திரும்புவதற்கு முன் வடக்கே பழவேற்காட்டுக்குப் போய்விடுங்கள். நம் சென்னையில் ஆங்கிலேயருக்கு இடம் கிடைத்தது 1639இல். அதற்கு முன்பே, 1613இல், டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிவிட்டார்கள். இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர்தான் மிச்சம். அதனால் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். வாயிலின் இரு பக்கமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே கல்லறைப் பலகைகளில் எழுத்துகள் குழிக்கப்படாமல் புடைத்து நிற்கும். உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது; காலையில் சாய்வாக வெளிச்சம் விழும்போது ஒவ்வோர் எழுத்தும் தன் நிழலோடு எழுந்து வரும். அதற்காகவே விடிந்ததும் கிளம்ப வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருட்டில் மட்டும் நுழையாதீர்கள்.

டச்சுக்காரர்கள் 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். நீங்கள் போகும் திசையும் அதுதான். வழியில் கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் அவர்களுடைய இன்னொரு கோட்டை நல்ல நிலையில் நிற்கிறது. அங்கேயும் கல்லறைகள் உண்டு. பூட்டியிருந்தால் காவலரைக் கேளுங்கள். அந்தக் கரைக்கு அப்பால்தான் 1782இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கப்பல்களோடு மோதினார்கள். அடுத்து கடப்பாக்கத்தில் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கழிமுகத்தின் ஓரம் இடிந்து கிடக்கிறது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது, காலையிலோ மாலையிலோதான் போக முடியும்.

புதுச்சேரிக்குத் தெற்கே புதிய நான்குவழிச் சாலை ஊர்களைத் தவிர்த்துக்கொண்டு ஓடுகிறது. அதிலேயே போனால் நீங்கள் தேடுகிற எதுவும் கண்ணில் படாது. கடலூரில் தேவனாம்பட்டினத்துக்குத் திரும்புங்கள். பரங்கிப்பேட்டைக்குத் திரும்புங்கள், 1781இல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதியது அங்கேதான். சீர்காழியிலிருந்து திருமுல்லைவாசல் வழியாகப் பூம்புகாருக்குப் போங்கள்.

பூம்புகார் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டினத்தார் பிறந்தது அந்தக் காவிரிப்பூம்பட்டினத்தில். அடங்கியது நம் திருவொற்றியூர்க் கரையில். கப்பல் வணிகம் செய்த குடும்பத்துப் பிள்ளை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து சேர்ந்த இடத்தில் இன்று லாரிகள் ஓடுகின்றன. கிளம்பும் நாளில் அங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போங்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

வண்டிக்கு வருகிறேன். 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நம் திருவொற்றியூரில்தான் ஆலை போட்டது. நான் அதே ஊரில் புல்லட் பழுது பார்த்துப் பிழைத்தவன். இரும்பு சிலிண்டர் சூடேறினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அறுபதுக்கு மேல் முறுக்காதீர்கள். பத்தரை மணிக்கு நிழலில் நிறுத்திவிட்டு நான்கு மணிக்கு மேல் மறுபடி எடுங்கள். மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, வலுத்த நாளில் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும். அன்றைக்குக் கூடுதல் ஓய்வு கொடுங்கள். கிளட்ச் வயர், ஆக்சிலரேட்டர் வயர், பிளாட்டினம் செட், கண்டென்சர், பிளக், ஒரு டியூப் கையில் இருக்கட்டும். எஞ்சின் ஆயிலைக் கிளம்புவதற்கு முன் மாற்றுங்கள். இரவு தங்கும் இடத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவிவிட்டு, செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

எண்ணூர்ப் பெண்:

ஒற்றியூர் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தரங்கம்பாடிக்கு ஓர் இரவும் ஒரு காலையும் ஒதுக்குங்கள். நான் ஸ்கூட்டரில் தனியாகப் போனேன். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டையைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். எனக்கு மனத்தில் நிற்பது பக்கத்திலுள்ள மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்தில், 1306இல் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, மண்டபம் எதுவரை இருந்தது என்று தன் தாத்தா சொன்னாராம், அந்த இடத்தை அலைக்குள் கை நீட்டிக் காட்டினார். அங்கே நுரைதான் இருந்தது. சீசனில் போயிருந்தால் அவர் கடலில் இருந்திருப்பார், நான் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

அச்சுத்தொழிலில் ஆர்வம் இருந்தால், 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் இந்த ஊரில்தான். அவர் 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் தேவாலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது.

தங்குவதற்குத் தரங்கம்பாடியில் செலவு அதிகம் என்று தோன்றினால் பொறையாறு அல்லது காரைக்காலில் பாருங்கள். தனியாள் என்றால் சில லாட்ஜ்களில் தயங்குவார்கள். அடையாள அட்டையின் நகல் வைத்துக்கொண்டு, மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் பேச்சு சுலபம். பெட்ரோலைக் காரைக்காலில் நிரப்பிக்கொள்ளுங்கள், அங்கே விலை குறைவு. நாகப்பட்டினம் பகுதிக் குப்பங்களில் 2004 சுனாமியில் குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். நீங்களாகக் கேட்காதீர்கள்.

உப்பளத்தான்:

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், சொந்த ஊர் வேதாரண்யம். கோடியக்கரைக்குப் பறவை பார்க்கக் குளிர்காலத்தில்தான் வருவார்கள், ஜூனில் ஏமாற்றம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காட்டில் வெளிமான் இருக்கிறது, மட்டக்குதிரை இருக்கிறது. அதைவிட முக்கியம் உப்பளம். மழைக்காலத்தில் வந்தால் வெறும் தண்ணீர்தான். வெயில் காலத்தில் வந்தால் பாத்தியிலிருந்து உப்பை வாரிக் குவிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து 1930 ஏப்ரல் 30இல் இங்கே உப்பு அள்ளியதும் வெயில் காலத்தில்தான். அகஸ்தியம்பள்ளியில் நினைவிடம் இருக்கிறது, நின்று போங்கள்.

ஒரு விஷயத்தில் ஒற்றியூரான் ஐயாவிடம் சிறு மாறுபாடு. ஜூனில் எங்கள் பக்கம் மேல்காற்று கடுமையாக இருக்கும். உப்பளச் சாலை இரு பக்கமும் திறந்தவெளி. காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், மணல் கண்ணில் அடிக்கும். கண்ணாடி வைத்த ஹெல்மெட் கட்டாயம். வேதாரண்யத்துக்குத் தெற்கே வெயிலேறும் முன் போய்த் திரும்பிவிடுங்கள்.

காசிமேட்டுக் கணக்கர்:

மூவருக்கும் மிக்க நன்றி. பள்ளி திறந்த பிறகு வரும் திங்களன்று கிளம்புகிறேன். 12ஆம் தேதிக்குள் திரும்பியாக வேண்டும். படகுகள் ஐஸ் ஏற்றத் தொடங்கிவிடும். பழவேற்காட்டுக்குத் தனியாக ஒரு காலையில் போய்விட்டு வந்து, மறுநாள் தெற்கே எடுக்கலாம் என்று இருக்கிறேன். தரங்கம்பாடியில் ஓர் இரவு உறுதி. ஐயா, கிளம்புவதற்கு முன் வண்டியை ஒருமுறை பார்த்துச் சொல்வீர்களா?

ஒற்றியூரான்:

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தேரடிக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் சூடாகாமல் இருந்தால்தான் டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி பார்க்க முடியும், அதனால் மெதுவாக வந்து சற்று ஆறவிடலாம். பழைய பிளாட்டினத்தைக் கழற்றிப் போட்டிருந்தால் அதையும் எடுத்துவாருங்கள். தேய்த்துக் கொடுக்கிறேன், வழியில் மாற்றாக உதவும்.