ஃபிக்ஸ்டு பிளேடு கத்திக்குத் தமிழில் என்ன சொல்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

கணிமொழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கையோடு கொண்டு செல்லும் சிறு கத்தியைப் பார்த்து வாங்குவது எப்படி என்று ஒரு கையேடு, மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். உரை முழுக்க இரண்டு வகைகளை எதிரெதிரே நிறுத்திப் பேசுகிறது. ஒன்று மடக்குக்கத்தி. அதில் சிக்கல் இல்லை. மற்றது ஃபிக்ஸ்டு பிளேடு: கீல் கிடையாது, மடங்காது, அலகும் பிடியும் எப்போதும் ஒரே நேரில் நிற்கும். இப்போதைக்கு 'நிலையலகுக் கத்தி' என்று போட்டு வைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. பள்ளியில் இயற்பியல் படித்தவர்களுக்கு அலகு என்றதும் மீட்டரும் கிலோகிராமும்தான் நினைவுக்கு வரும். கூடவே 'எவ்ரிடே கேரி' (தினமும் உடன் கொண்டு செல்வது), 'ஃபுல் டேங்' (அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடுவது) இரண்டுக்கும் சொல் தேவை.

வேர்ச்சொல் எழுதியது:

அன்புள்ள கணிமொழி, அலகுக்கு ஏன் அஞ்ச வேண்டும்? ஆயுதத்தின் வெட்டும் பாகத்தை அலகு என்பது நல்ல பழைய வழக்கு. அளவை என்ற பொருளை இயற்பியல்காரர்கள் பிற்பாடு ஏற்றினார்கள். அவர்களுக்காக நாம் ஏன் ஒதுங்குவது? நீளம்தான் குறை என்றால் 'நிலைக்கத்தி' என்று சுருக்கிவிடலாம். நிலைக்கண்ணாடி இல்லையா?

ஒற்றுப்பிழை எழுதியது:

ஐயா, அளவைப் பொருளும் பழையதுதான். செய்யுளை அலகிடுகிறோமே, கத்தியாலா? அது கிடக்கட்டும். நிலைக்கண்ணாடி, நிலைப்படி எல்லாம் ஓரிடத்தில் நிற்பவை. அந்த வரிசையில் நிலைக்கத்தி என்றால் அது அரிவாள்மணையாகத்தான் இருக்க முடியும். அங்கேதான் அலகு நிற்கும், நறுக்கப்படும் பொருள் நகரும். இடுப்பில் ஊர் சுற்றப்போகும் கத்திக்கு இந்தப் பெயர் ஆகாது.

என் முன்மொழிவு 'மடியாக்கத்தி'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், பொய்யாப்புலமை போல. ஒற்று மிகும், சேர்த்தே எழுத வேண்டும். அதற்கு எதிர்ச்சொல் 'மடிகத்தி'. வினைத்தொகை, சுடுகாடு போல, இங்கே மிகாது. மடக்குக்கத்தியைவிட மூன்றெழுத்து மிச்சம்.

நடைவழி எழுதியது:

மடியாக்கத்தியை வீட்டில் படிக்கக் கொடுத்தேன். சாகாத கத்தியா என்றார்கள். மடி என்றால் சோம்பலும்தானே, அப்படிப் பார்த்தால் சுறுசுறுப்பான கத்தி. அப்புறம் இன்னொரு சந்தேகம். மடிகத்தியில் யாராவது ஒரு க் சேர்த்து மடிக்கத்தி என்று எழுதிவிட்டால்?

ஒற்றுப்பிழை எழுதியது:

அங்கேதான் அழகே இருக்கிறது! மடிக்கத்தி என்றால் மடியில் செருகிய கத்தி. ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. கணிமொழி கேட்ட எவ்ரிடே கேரிக்கு அதுவே சொல். இடுப்புத் துணியின் மடிப்புத்தானே மடி? ஆக, மடிகத்தி மடங்குவது, மடிக்கத்தி உடன் வருவது, மடியாக்கத்தி மடங்காதது. நாம் பேசும் பொருளோ மடியா மடிக்கத்தி. ஒரே வேரிலிருந்து முழுக் குடும்பமும் கிடைத்துவிட்டது.

கணிமொழி எழுதியது:

ரசித்தேன். ஆனால் கையேட்டில் போட முடியாது. மெய்ப்புப் பார்ப்பவர் நல்லெண்ணத்தில் ஒரு க் சேர்த்தால் கத்தியின் வகையே மாறிவிடும். மேலும் இன்றைக்கு யாரும் மடியில் செருகுவதில்லை. பெல்ட்டில் மாட்டுகிறார்கள், பைக்குள் போடுகிறார்கள், கழுத்தில் தொங்கவிடுபவர்களும் உண்டு.

உலைக்களம் எழுதியது:

எல்லாரும் பெயரையே பார்க்கிறீர்கள். பொருளைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போமே.

தினமும் உடன் வைத்திருக்கும் மடங்காத கத்திக்கு அலகு 7 முதல் 9 சென்டிமீட்டர் இருந்தால் தாராளம். அட்டைப்பெட்டி, கயிறு, குச்சி, பழம் எல்லாவற்றுக்கும் அது போதும். அதற்கு மேல் நீண்டால் உட்காரும்போது இடுப்பில் உறுத்தும், நாலு நாளில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவோம். முதுகுத் தடிமன் 3 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். 5 மில்லிமீட்டர் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் அட்டைக்குள் ஆப்பு மாதிரி நின்றுவிடும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான்.

எஃகில் குரோமியம் குறைந்தது 10.5 விழுக்காடாவது இருந்தால்தான் துருப்பிடிக்காத வகை. உடம்போடு ஒட்டி வியர்வையில் கிடக்கும் கத்திக்கு அதுவே நல்லது. 1095 போன்ற கரிம எஃகில் கரிமம் 0.95 விழுக்காடு அளவில் இருக்கும். சாணைக்கு எளிதாக இணங்கும், ஆனால் ஈரத்தோடு விட்டால் சீக்கிரமே துருப்புள்ளி விழும். எந்த எஃகானாலும் தோய்ச்சல், அதாவது காய்ச்சிக் குளிர்வித்து இறுக்குவது, சரியில்லை என்றால் வீண்.

முக்கியமானது உறை. மடக்குக்கத்திக்கு அதன் பிடியே உறை. இதற்குத் தனியாக வேண்டும். பாதிக் காசு உறைக்குப் போனாலும் தப்பில்லை என்பேன். தோலுறை சத்தம் போடாது, ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, கத்தி மேலேயே அமுக்கி வடிவெடுப்பார்கள். அது கத்தியை இறுகப் பிடிக்கும், கழுவவும் செய்யலாம். எதை வாங்கினாலும் உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். கத்தி விழுந்தால் வேண்டாம்.

இனி டேங். அலகின் இரும்பு பிடியின் அகலத்துக்கே கடைசி வரை ஓடி, இருபக்கமும் தகடு வைத்து ஆணி அடித்திருந்தால் அது ஃபுல் டேங். ஒடுங்கிய கம்பியாகப் பிடிக்குள் இறங்கி, மேலே பூண் போட்டிருந்தால் மற்றது. இந்தப் பாகத்துக்குப் பட்டறையில் தனிப்பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. 'பிடிக்குள்ள போற பக்கம்' என்போம், அவ்வளவுதான்.

வேர்ச்சொல் எழுதியது:

உலைக்களம் எழுதியதைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது. அதற்குச் சொல் இருக்கிறது ஐயா. காழ்! தொண்டைமானின் படைக்கலங்களைப் பாடும் ஔவையார் 'கண்திரள் நோன்காழ்' என்கிறார். அங்கே காழ் என்பது வேலின் தண்டு. மரத்தின் வைரமும் காழ்தான். தொல்காப்பிய மரபியல் புறத்தே காழ் உடையதைப் புல் என்றும் அகத்தே காழ் உடையதை மரம் என்றும் பிரிக்கிறது. அப்படியே கத்திக்குக் கொண்டுவாருங்கள். இரும்பு பிடிக்குள் மறைந்திருந்தால் அகக்காழ்க் கத்தி. பிடியின் விளிம்பைச் சுற்றி வெளியே தெரிந்தால் புறக்காழ்க் கத்தி. இரண்டாயிரம் ஆண்டுச் சொல், இன்று காலை செய்த கத்திக்கு மயிரிழை பிசகாமல் பொருந்துகிறது. காழ்ப்பு என்ற சொல்லும் இந்த இறுகும் பொருளில் பிறந்ததே என்பது என் துணிபு. நெஞ்சு வைரம் பாய்ந்தால் காழ்ப்பு. கழி, கழை இவற்றையும் இதே வேரோடு சேர்க்க இடமுண்டு. தனியே விரிவாக எழுதுகிறேன்.

நடைவழி எழுதியது:

ஐயா, உங்கள் கணக்குப்படி பனை புல், ஃபுல் டேங் கத்தியும் புல். வாங்க வந்தவர் காழ்ப்போடு திரும்பிப் போய்விடுவார்.

ஒற்றுப்பிழை எழுதியது:

கிண்டல் வேண்டாம். அகக்காழ், புறக்காழ் இணை எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் முறை பார்க்கும்போது எந்தக் கலைச்சொல்தான் புரிகிறது? இருக்கட்டும், 'பழையன கழிதலும்' நூற்பாவை யாரும் எடுக்க வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு இழையிலும் அதைப் படித்தாகிவிட்டது.

கணிமொழி எழுதியது:

சொல் புரியாவிட்டால் அழகு குறையும் என்பது மட்டும் இல்லை. சட்டம் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவுப்படி, தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி கொண்டு செல்வது குற்றம். வெட்டுவாய் 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்திக்கு விலக்கு உண்டு. ஆனால் விரித்ததும் பூட்டிக்கொள்ளும் மடக்குக்கத்திக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே 'நிலை', 'நிலைத்த' என்று நான் எழுதினால், விரித்த நிலையில் பூட்டி நிற்கும் கத்தியையும் அதற்குள் சேர்த்துப் படிப்பார்கள். மடங்காதது, மடங்கிப் பூட்டுவது, மடங்கிப் பூட்டாதது என்ற மூன்றும் தனித்தனியே தெரிய வேண்டும். இதைப் படித்துவிட்டு ஒருவர் எல்லை தாண்டப் பயணம் போகலாம். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது இங்கே பழமொழியே இல்லை, நேர்ப்பொருள்.

நடைவழி எழுதியது:

அப்படியானால் 'உறைக்கத்தி' என்று போடுங்களேன். உலைக்களம் அண்ணன் சொன்னதிலேயே இருக்கிறது. உறை இல்லாமல் இதைக் கொண்டு போகவே முடியாது. மடக்குக்கத்தி, பூட்டும் மடக்குக்கத்தி, உறைக்கத்தி. யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஒற்றுப்பிழை எழுதியது:

உறை இலக்கணம் ஆகாது. மடக்குக்கத்திக்கும் பெல்ட்டில் மாட்டத் துணியுறை கொடுக்கிறார்கள். சமையலறைக் கத்தி உறையில்லாமலே மடங்காத கத்திதான். உறையைத் தொலைத்துவிட்டால் என்ன பெயர்? துணையாக வருவதை வைத்துப் பொருளுக்குப் பெயரிடுவது பலவீனம்.

உலைக்களம் எழுதியது:

தம்பி, பேனாக்கத்தியால் இன்று யாரும் பேனா சீவுவதில்லை. பெயர் நிற்கிறது. எனக்கு உறைக்கத்தி சரி.

கணிமொழி எழுதியது:

நேரம் முடிந்துவிட்டது, இன்று காலை அனுப்பிவிட்டேன். தலைப்பிலும் உரையிலும் உறைக்கத்தி. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'மடங்காத உறைக்கத்தி'. எவ்ரிடே கேரி வரும் இடத்தில் 'அன்றாடக் கத்தி'. டேங்குக்குப் 'பிடித்தண்டு', ஃபுல் டேங் 'முழுப் பிடித்தண்டு'. ஆதரவு என்று பார்த்தால் மூன்று பேர், அதில் நானும் ஒருத்தி. மற்றவர்கள் மௌனம். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஒற்றுப்பிழை எழுதியது:

என் மௌனம் சம்மதம் இல்லை. மடியாக்கத்தியைச் சொற்பட்டியலில் மாற்றுச் சொல்லாகவாவது சேருங்கள்.

வேர்ச்சொல் எழுதியது:

என் மறுப்பையும் பதிவு செய்க. பிடித்தண்டு என்றால் பிடியாகிய தண்டு என்றே எவரும் படிப்பார்கள். அதாவது கைப்பிடி! உள்ளே போகும் இரும்பு என்ற பொருள் அதில் எங்கே இருக்கிறது? காழ் பற்றிய விரிவான மடலைத் தனி இழையாக இன்றிரவு தொடங்குகிறேன்.

உலைக்களம் எழுதியது:

ஐயா, படிக்கக் காத்திருக்கிறேன். அந்த மடலில் பூணுக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். அந்தச் சொல்லாவது மாறாமல் இருக்கட்டும்.