சங்கத்துக்கு ஆள் சேர்ப்பதா, இருக்கிற ஆட்களைக் கவனிப்பதா?

ரஸ்தாக்காரன்:
காரைக்குடிப் பக்கம் ஒரு கட்டடப் பொறியாளர் சங்கத்தில் இந்த வருடம் என்னைச் செயலாளராக உட்கார வைத்துவிட்டார்கள். முதல் கூட்டத்திலேயே தலைவர் சொல்லிவிட்டார், இந்த வருடம் உறுப்பினர் எண்ணிக்கையை இரண்டு மடங்கு ஆக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்று. நுழைவுக் கட்டணத்தைப் பாதியாக்கலாம், கான்ட்ராக்டர்கள், கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற பசங்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு ஓடுகிறது. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது, இனிமேல் ஆணையரைப் பார்க்கப் போனால் "உங்கள் சங்கத்தில் எத்தனை பேர்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்கிறார். ஆனால் பதிவேட்டைப் புரட்டினால் பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி, மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்களும் எப்போதும் அதே ஆட்கள்தான். மற்ற ஊர்ச் சங்கங்களில் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்? புதுசாகச் சேர்ப்பதுதான் முதல் வேலையா?

பள்ளத்தூர் டிப்ளமோ:
உங்கள் தலைவர் சொல்வதுதான் சரி. வக்கீல்களுக்கு 1961 சட்டம் இருக்கிறது, ஆடிட்டர்களுக்கு 1949 சட்டம். பதிவு இல்லாமல் கோர்ட்டில் வாதாட முடியாது, ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது. ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளக்கூட 1972 சட்டப்படி பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் சிவில் இன்ஜினியருக்கு அந்த மாதிரி ஒரு சட்டமும் இல்லை. 2019 கட்டட விதிகளின்படி பதிவு பெற்ற பொறியாளர் என்று பெயர் வாங்குகிறோமே, அது அரசாங்கப் பதிவு, சங்கத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆக, சங்கத்தில் சேரச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, நமக்கு இருக்கிற ஒரே பலம் தலை எண்ணிக்கைதான். 2024 ஜூலையில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, விண்ணப்பிப்பவரே சான்று கொடுக்கிற சுயசான்று முறையில் அனுமதி என்று வந்ததே, எங்கள் பக்கத்தில் வரைபட வேலை போய்விடும் என்று டீக்கடையில் புலம்பாத ஆள் இல்லை. சேர்ந்து ஒரு மனு எழுதத்தான் யாரும் வரவில்லை.

பழைய பொருளாளர்:
தம்பி, மனு எழுத எத்தனை பேர் வேண்டும்? ஏழு பேர் இருந்தால் 1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் சங்கத்தையே பதிவு செய்துவிடலாம்.

எண்ணிக்கை, எண்ணிக்கை என்று பேசுகிறவர்களிடம் யாருக்காக என்று கேட்டுப் பாருங்கள். நான் பெட்டியை வைத்திருந்த காலத்தில் பார்த்தது இது. கூட்டத்துக்கு சிமெண்ட் டீலரோ டைல்ஸ் கடைக்காரரோதான் சாப்பாடு போடுவார், அவர் போனில் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை பேர் வருவாங்க சார்", அந்தக் கணக்கு ஏறினால்தான் பை, டைரி, மேடையில் பேனர் எல்லாம். இரண்டாவது, தேர்தல். கட்டணத்தைக் குறைத்துக் கும்பலாகச் சேர்த்தவர்கள் ஓட்டுப் போட ஒரு தடவை வந்தார்கள், அடுத்த மார்ச்சில் சந்தா கேட்டுப் போன் செய்தால் எடுக்கவே இல்லை. புதிதாக எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை விடுங்கள், போன வருடம் கட்டியவர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் கட்டினார்கள் என்று பாருங்கள், சங்கத்தின் லட்சணம் அதில் தெரிந்துவிடும்.

கூட்டம் நிரம்பி வழிந்தது ஒரு தடவைதான். கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள், அங்கே ஒரு வயதான கொத்தனாரை வைத்துச் சுண்ணாம்புப் பூச்சு காட்டச் சொன்னோம். அரைத்த சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், கடைசிக் கோட்டுக்கு முட்டை வெள்ளைக்கரு, அப்புறம் முகம் தெரிகிற வரைக்கும் கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்துச் சுவரில் முன்பு யாரோ சிமெண்டால் ஒட்டுப் போட்டிருந்தார்கள். அதைச் சாவியால் தட்டிக் காட்டினார், பொத் பொத்தென்று சத்தம். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, சுற்றியிருந்த பழைய பூச்சையும் உப்பிப் பெயர்த்திருந்தது. நம் ஊரில் தொழில் செய்கிறவனுக்கு இது சோறு போடுகிற விஷயம், எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அன்றைக்கு உறுப்பினர் இல்லாதவர்களும் வந்திருந்தார்கள், சிலர் அங்கேயே பணம் கட்டிச் சேர்ந்தார்கள். நாங்கள் யாரையும் சேரச் சொல்லவில்லை.

கண்டனூர் ஆச்சி பேரன்:
எங்கள் நகரத்தார் கோயில்களில் புள்ளிக் கணக்கு என்று ஒன்று உண்டு. கல்யாணம் ஆனால் அந்தக் குடும்பம் ஒரு புள்ளி, புள்ளி வரி கட்ட வேண்டும். யாரும் போய் ஆள் பிடிப்பதில்லை, கணக்கை ஒழுங்காக வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஆள் மலேசியாவில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் வரி வந்து சேர்ந்துவிடும். சங்கங்களும் முதலில் பதிவேட்டைச் சரி பண்ணட்டும்.

பள்ளத்தூர் டிப்ளமோ:
அண்ணே, அது பிறப்பால் வருகிற உறவு, வரி கட்டவில்லை என்றால் வீட்டுக் கல்யாணத்தில் கேள்வி வரும். சங்கச் சந்தா கட்டாவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

சைட் இன்ஜினியர் பொண்ணு:
சேராத ஆள் ஒருத்தி சொல்கிறேன். நான் தேவகோட்டையில் தனியாக வேலை எடுத்துச் செய்கிறேன், என்னையும் மூன்று பேர் சேரச் சொல்லிக் கேட்டார்கள். கட்டணம் எனக்குப் பிரச்சினையே இல்லை, பாதியாக்கினாலும் சேர மாட்டேன். கூட்டம் ராத்திரி எட்டு மணிக்கு ஹோட்டல் ஹாலில், வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் பிறந்தநாள் வாழ்த்து, சால்வை போட்ட போட்டோ. எனக்கு வேண்டியது வேறு. வீட்டுக்காரர் பாதி வேலையில் ஃபீஸை நிறுத்திவிட்டால் என்ன செய்வது, ஒப்பந்தம் எந்த மாதிரி எழுதிக்கொள்வது, சைட்டில் சாரத்திலிருந்து யாராவது விழுந்தால் இன்சூரன்ஸ் யார் பேரில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்குத் தமிழில் ஒரு நல்ல மாதிரிப் படிவம் போட்டு உறுப்பினர்களுக்குக் கொடுங்கள், நானே வந்து பணம் கட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் வைத்தால் இன்னும் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வருவேன்.

ரஸ்தாக்காரன்:
நன்றி. ஒப்பந்தப் படிவம் உடனே செய்கிற காரியம், எங்கள் உறுப்பினர் ஒருவரின் தம்பி வக்கீல், கேட்டுவிட்டேன். சுண்ணாம்புப் பயிற்சிக்கும் ஆள் தேடுகிறேன். மாணவர்களை ஓட்டு இல்லாத இணை உறுப்பினர்களாகச் சேர்க்கலாம் என்று தலைவரிடம் சொன்னேன், அரை மனதாகச் சரி என்றார்.

பழைய பொருளாளர்:
பைலாவில், அதாவது சங்க விதிகளில், இணை உறுப்பினர் என்று ஒரு வகை இருக்கிறதா? இல்லையென்றால் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும்.

ரஸ்தாக்காரன்:
இல்லை சார், இப்போதுதான் பார்த்தேன். பொதுக்குழு செல்லுபடியாக உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்காவது வர வேண்டும், அதுதான் கோரம் என்று எழுதியிருக்கிறது. சந்தா கட்டாதவர்களின் பெயரும் பட்டியலில் அப்படியே இருப்பதால் அந்த மூன்றில் ஒரு பங்கே சேராது போலிருக்கிறது. பாக்கி வைத்தவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பிப் பெயரை நீக்கிய அனுபவம் யாருக்காவது இருந்தால் அந்த நோட்டீஸ் வாசகத்தை இங்கே போடுங்கள்.