கன்னியாத் தண்ணியும் அப்பாவின்ர கடியும்

உவர்மலை மூத்தவள்:
அம்மம்மா செத்த பிறகு செய்யிற அந்தியேட்டிக் கிரியைக்குத் திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணத்தடியில குளிச்ச அப்பா, வாகனத்துக்குள்ளயே உடம்பைச் சொறியத் தொடங்கிட்டார். ஏழு கிணத்துத் தண்ணியும் ஒத்துக்கொள்ளேல்லை எண்டு சின்னம்மா சொன்னவ. பிறகு வீட்டில சுடுதண்ணி வாத்தாலும் அதே கடி. தோலில ஒரு பருவும் இல்லை. ஆறு மாதம் அலர்ஜிக் குளிசை போட்டுக் கடைசியா ரத்தம் சோதிச்சா ஹீமோகுளோபின் 19. செங்குருதிக் கலம் கூடுற வருத்தமாம், ஜாக் 2 எண்ட மரபணுவில மாற்றம். இப்ப இடைக்கிடை ரத்தம் எடுத்து விடுகினம்.

எனக்கு விளங்காதது ஒண்டு. மாறினது அந்த மரபணுவில இருந்து வாற புரதத்தின்ர "வேலை செய்யாத பகுதி" எண்டு வைத்தியர் சொன்னவர். வேலை செய்யாதது பழுதானா என்ன நட்டம்?

நிலாவெளி ரீச்சர்:
தங்கச்சி, நானும் உதிலதான் வகுப்பில மாட்டினனான். "உயிர்ப்பு மையம் (வினை நடக்கிற இடம்) போனா நொதியம் செத்தது" எண்டு எழுதிப் போட்டன். ஒரு பெடியன் எழும்பி, மனிசனில 500 சொச்சம் கைனேசில, அதாவது பொசுபேற்று ஒட்டுற நொதியங்களில, பத்தில ஒண்டு அப்பிடிச் செத்ததுதானாம், கலம் ஏன் ரீச்சர் இன்னும் வச்சிருக்கு எண்டான். அண்டிரவு நித்திரை இல்லை.

ஜாக் 2இல கைனேஸ் மாதிரி ரெண்டு பகுதி பக்கத்தில பக்கத்தில இருக்கு. ஒண்டு பொசுபேற்றை எடுத்து ஒட்டும். மற்றது பாக்க அதே அச்சு, ஆனா வினையூக்கல் இல்லையெண்டே சொல்லலாம். அதின்ர வேலை, மற்றவரை அமத்திப் பிடிக்கிறது. செங்குருதிக் கலம் செய்யச் சொல்லுற ஓமோன் எரித்ரோபொயற்றின் வந்து கலத்தின்ர வாங்கியில பிடிச்சாத்தான் அந்தப் பிடி தளரும். புரதத்தின்ர 617ஆவது இடத்தில வலீன் எண்ட அமினோ அமிலத்துக்குப் பதிலா பீனைல்அலனீன் வந்திட்டா, ஓமோன் வராமலே பிடி விட்டுப்போகும். என்புமச்சை நிப்பாட்டாமல் கலம் செய்யும். 2005இல கண்டுபிடிச்சவை, இந்த வருத்தக்காரர் 100 பேரில 95 பேரளவில இதே மாற்றம்தான். குளிச்சாப் பிறகு வாற கடியும் இதுக்குப் பேர்போன அறிகுறி. கன்னியாவைத் திட்டாதேங்கோ.

டொக்யாட் வீதி:
நங்கூரத்துக்கு எஞ்சின் இல்லைத்தானே!

கனடாவில என்ர மச்சாளுக்கு சொரியாசிஸ். அவ போடுற டியூக்ரவசிற்றினிப் குளிசை, ஜாக் 2இன்ர சகோதரம் டைக் 2இன்ர இந்த "செத்த" பகுதியிலதான் போய்க் குந்துதாம். வேலை செய்யிற பகுதி சகோதரங்கள் எல்லாருக்கும் ஒரே சாடை, அதை அடிச்சா மற்றவைக்கும் படும். அமெரிக்காவில 2022இலதான் அனுமதி குடுத்தவை.

உவர்மலை மூத்தவள்:
அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். "அப்ப தண்ணியில பிழை இல்லை, அடுத்த கிழமை போவமே?" எண்டு துவாயைத் தேடுறார்.